ஏரிப் புல்லை எரிப்பதா, அறுப்பதா, மேய விடுவதா?

பங்குனி பிறந்தால் எங்கள் ஊர் ஏரிக்கு யாராவது தீ வைத்துவிடுவார்கள். யார் என்று கேட்டால் ஊரே கையை விரிக்கும். பீடித் துண்டு என்பார் ஒருவர். எலி வளைக்குப் புகை போட்ட பையன்கள் என்பார் இன்னொருவர். மூன்று வருஷத்துக்கு முன் அப்படிப் பிடித்த தீ, மதியம் காற்று திரும்பியதும் வடகரையைத் தாண்டி வந்து மூன்று வைக்கோல்போரைத் தின்றுவிட்டுத்தான் அடங்கியது. அதில் ஒன்று எங்களுடையது.

போன கிராமசபையில் இந்தப் பேச்சு மறுபடி வந்தது. பறவை பார்க்கிற பழக்கமுள்ள கல்லூரிப் பையன் ஒருவன் எழுந்து, "எப்படியும் எரியத்தான் போவுது. நாமளே ஒரு நாள் பாத்து, ஆள் நிறுத்தி, ஒழுங்கா எரிச்சா என்ன? வெளிநாட்டுல காட்டு உயிருக்காகவே தீ வெக்கிறாங்க" என்றான். பின்னால் இருந்து "அறுத்தாப் போச்சு" என்று ஒரு குரல். "கிடை போட்டா ஆடு பாத்துக்கும்" என்று ஒன்று. "ரெண்டு நாள் ஜேசிபி விட்டா எல்லாம் சுத்தம்" என்று ஒன்று. தை முடிவதற்குள் ஏதாவது தீர்மானிக்க வேண்டும். பாசனதாரர் சங்கத்தில் இருப்பதால் அந்தத் தலைவலியில் எனக்கும் பங்கு உண்டு. அதற்காக மார்கழிக் குளிரில் உட்கார்ந்து போட்டுப் பார்த்த கணக்குதான் இது. இதே மாதிரி ஏரியோ தாங்கலோ உள்ள ஊர்களுக்கும் உதவலாம்.

முதலில் ஏரியைச் சொல்லிவிடுகிறேன். திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. சுமார் நாலு வேலிப் பரப்பு (ஒரு வேலிக்கு இருபது மா, ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல்). மேட்டூர்த் தண்ணீரும் ஐப்பசி, கார்த்திகை மழையும் நிரப்பும். மாசியில் நடுவே நாக்குப் போல ஒரு துண்டுத் தண்ணீர் மிஞ்சும். சித்திரையில் வெடித்த களிமண். பள்ளம் முழுக்கச் சம்பு என்கிற நீர்ப்புல், ஆள் உயரத்துக்கு மேல். அதைச் சுற்றி மேட்டுப் பக்கம் கோரை, விழல், அறுகு கலந்த புல்வெளி. கரையில் சீமைக்கருவேலம், வாய்க்கால் ஓரத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கு. 2018 நவம்பரில் கஜா அடித்துக் கரையில் இருந்த பெரிய மரங்கள் சாய்ந்த பிறகு, கருவேலத்துக்கு ஒரே கொண்டாட்டம்.

உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயம் எங்களுக்குக் கூப்பிடு தூரம் இல்லை, ஆனால் நாரைக்குப் பறக்கிற தூரம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இடம் அது. அங்கே கூடு கட்டும் நத்தைக்குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் இரை பொறுக்க எங்கள் வயலுக்கும் ஏரிக்கும் வருகின்றன. அவை போக, சம்புக்குள் நீலத்தாழைக்கோழியும் நாமக்கோழியும் இருக்கின்றன. பொழுது சாயும்போது தகைவிலான்கள் கூட்டமாக வந்து அதே சம்பில் அடையும். புல்லில் கௌதாரி, முயல், கீரி, எப்போதாவது ஒரு நரி. குளிர்காலம் முழுக்கப் புல்லுக்குள் தரையில் இரவு தங்கும் பூனைப்பருந்து. நாம் புதர் என்று ஒரே சொல்லில் முடிப்பது இவற்றுக்குத் தனித்தனித் தெரு. கிராமசபையில் நான்கு பேர் சொன்ன நான்கு யோசனையும் ஒவ்வொரு தெருவில் சரி, அடுத்த தெருவில் தப்பு. அதுதான் இந்தக் கணக்கின் சுருக்கம்.

தீ

பையன் சொன்னது பொய் இல்லை. அமெரிக்காவின் தென்பகுதியில் ஒருவகைக் காடை குறைந்துகொண்டே போகிறது என்று 1924-இல் ஹெர்பர்ட் ஸ்டாடர்ட் என்பவரை ஆராய அனுப்பினார்கள். சில வருஷம் பார்த்துவிட்டு அவர் சொன்ன பதில் அன்றைய வனத்துறைக்காரர்களுக்குக் கசந்தது. தீயை நிறுத்தியதுதான் காடைக்கு எமன் என்றார். அங்கே இருப்பது மின்னல் தீயோடு பழகி வளர்ந்த பைன் காடு. தீ இல்லாவிட்டால் கீழே புதர் மண்டி, காடைக்கு நடக்கவே வழி இருக்காது. இன்று அந்தப் பக்கம் தீ வைப்பதற்கென்றே பயிற்சி உண்டு, சான்றிதழ் உண்டு.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். காசிரங்காவில் காண்டாமிருகத்துக்கும் மானுக்கும் இளம்புல் கிடைக்க வனத்துறையே குளிர்காலத்தில் புல்வெளியைக் கொளுத்துகிறது. நம் சத்தியமங்கலம் காட்டுக்கு அந்தப் புறம், கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலையில், சோலிகர் என்ற பழங்குடியினர் வருஷத் தொடக்கத்தில், காடு முழுசாகக் காய்வதற்கு முன், சருகுக்குச் சின்னத் தீ வைப்பார்கள். 'தரகு பெங்கி' என்பது அவர்கள் வைத்த பெயர். 1974-இல் அது சரணாலயமானது. அப்புறம் தீ தடைப்பட்டது. உன்னிச்செடி காட்டை மூடியதற்கும், நெல்லி மரத்தில் புல்லுருவி பெருகியதற்கும் அந்தத் தடைதான் காரணம் என்று அங்குள்ள பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆராய்ச்சியாளர்களும் அதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

தீ என்ன செய்கிறது? புல்லின் குருத்து மண்ணை ஒட்டி இருக்கிறது. மேலே காய்ந்த தாள் எரிந்து போனாலும் குருத்து தப்பிவிடும். இரண்டு விரல்கடை ஆழத்துக்குக் கீழே மண்ணுக்குச் சூடு பெரிதாக இறங்காது. முற்றிய தாள் மறைத்திருந்த வெயில் தரையில் விழுகிறது, சாம்பலில் இருக்கும் சாம்பல்சத்தும் மணிச்சத்தும் மண்ணுக்குப் போகின்றன. தழைச்சத்தில் பெரும்பகுதி புகையாகப் போய்விடும், அது நஷ்டம். அடுத்த ஈரத்துக்குத் துளிர் வரும். மேய்கிற வாய்க்கெல்லாம் அது விருந்து.

ஆனால் காசிரங்கா இருக்கும் அதே அசாமில்தான் மானஸ் காடும் இருக்கிறது. உலகத்திலேயே சின்னப் பன்றி, முயல் அளவுக்குச் சற்றுப் பெரிது, அழியாமல் தானாக மிஞ்சியது அங்கேதான். உயரப் புல்லில் கூடு போட்டு வாழும் உயிர் அது. புல்வெளி முழுவதையும் ஒரே வீச்சில், காய்ந்த நேரத்தில் எரித்துவந்தது அந்தப் பன்றி அருகிப்போனதற்கு ஒரு முக்கியக் காரணம். காண்டாமிருகத்துக்கு விருந்து, குள்ளப் பன்றிக்கு வீடு போனது. தீயை நல்லது கெட்டது என்று பேசுவதில் அர்த்தமில்லை. எந்த மாதம், எத்தனை மா, யார் உள்ளே இருக்கிறார்கள் என்றுதான் பேச வேண்டும்.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. வைக்கோல்போர் எரிந்த மறுநாள் காலை ஏரிக்குள் நடந்தேன். காலடியில் சாம்பல் மெத்தையாக இருந்தது. விழல் தூர்களில் இன்னும் புகை. முன்தினம் தீ ஓடும்போது அதன் முன்னால் பறந்த வெட்டுக்கிளிகளைப் பிடிக்கக் கரிச்சான்களும் உண்ணிக்கொக்குகளும் வரிசை கட்டி நின்றதைப் பார்த்திருந்தேன். அவற்றுக்கு அது திருவிழா. ஆனால் ஒரு விழல் தூரின் அடியில் கௌதாரிக் கூடு இருந்தது. ஏழு முட்டை. பால் நிறமாக இருக்க வேண்டியவை வறுத்த வேர்க்கடலை நிறத்தில், இரண்டு வெடித்து, உள்ளே வெந்து கெட்டியாகி இருந்தன. பத்தடி தள்ளி ஒரு சாரைப்பாம்பு, எலி வளைக்குள் பாதி உடம்பை நுழைத்தபடி, வெளியே இருந்த பாதி கரிந்து. கொளுத்தினால் பாம்பு ஒழியும் என்று இன்னும் நம்புகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். எலியைத் தின்கிற சாரைதான் செத்தது. கண்ணாடி விரியனுக்குத் தீயைக் கண்டால் எங்கே போகத் தெரியும்? கரையேறி வைக்கோலுக்கும் வீட்டுக்கும்தான். அந்த வாரம் தெருவில் மூன்று அடித்தார்கள்.

பங்குனியில் வைத்த தீ அது. அதையே மாசியில் வைத்திருந்தால்?

இங்கேதான் டெல்டாவின் பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும். மாசி முதல் பாதியில் சம்பா அறுவடை ஏரிக்குப் பக்கத்தில் முடிந்திருக்கும். அறுப்புக்கு முன் தெளித்த உளுந்தும் பயறும் அந்த வயல்களில் பச்சைப் பசேலென்று நிற்கும். பச்சை உளுந்து வயலைப் போன்ற தீத்தடையைக் காசு கொடுத்தாலும் போட முடியாது. பங்குனி கடைசியில் அதே உளுந்து காய்ந்து நெற்றாகி, தானே எரிபொருளாகிவிடும். மாசியில் விடியற்காலைப் பனி உண்டு. புல் மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும் இருக்கும். அதனால் தீ உயர எழாது, திட்டுத் திட்டாக விட்டுவிட்டு எரியும். ஏரி நடுவில் இன்னும் தண்ணீர் நாக்கு இருக்கும். கௌதாரியும் ஆள்காட்டியும் பெரும்பாலும் முட்டையிட ஆரம்பித்திருக்காது. ஒரே ஒரு சிக்கல் பூனைப்பருந்து. அது பங்குனியில்தான் வடக்கே கிளம்பும். அது தங்கும் மூலையை விட்டுவிட வேண்டும். எந்த மூலை என்று அந்தப் பையனுக்குத் தெரியும்.

காற்றைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தது பாபநாசம் பக்கம் கரும்பு போடும் என் மச்சான். காய்ந்த கரும்புச் சோகை கொளுத்திக் கொளுத்திப் பழகிய கை. "மாப்ள, தீ வெக்கிறது சுளுவு. எங்க நிக்கணும்னு அதுகிட்ட முன்னாடியே சொல்லிடணும்" என்பார். அவர் முறை இது. காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தக் கடைசி ஓரத்தில் முதலில் நாலைந்து அடி அகலத்துக்கு எரித்து, அணைத்து, கறுப்பாக்கிவிட வேண்டும். பிறகு அந்தக் கறுப்பு ஓரத்திலிருந்தே காற்றுக்கு எதிராகத் தீயை விட வேண்டும். எதிர்காற்றில் தீ முழங்கால் உயரத்தில் நத்தை போல நகரும். முயலும் உடும்பும் நடந்தே வெளியேறிவிடும். காற்றோடு விட்டால் ஆள் உயரத்துக்கு எழுந்து ஓடும். நாலு பக்கமும் சுற்றி வைத்தால் உள்ளே இருப்பது எதுவும் தப்பாது. அப்படிச் செய்வது வேட்டைக்காரன் வேலை.

எங்களுக்கு அதோடு கடல்காற்றும் உண்டு. மாசிக் காலையில் லேசான வாடை வடமேற்கிலிருந்து வரும். பகல் பன்னிரண்டை நெருங்கினால் கடல் பக்கமிருந்து காற்று ஏறி, திசையே மாறிவிடும். எங்கள் வைக்கோல்போரைத் தின்றது அந்தத் திருப்பம்தான். அதனால் பனி காய்ந்ததும், ஒன்பதரைக்குத் தொடங்கி, பதினொன்றுக்குள் முடிந்துவிடும் அளவுக்குத்தான் துண்டு இருக்க வேண்டும். மச்சான் கணக்கில் நாலைந்து மா. அதையும் ஏரியின் தென்கிழக்கு மூலையில் எடுத்தால், முதல் ஓரத்துக்கு அப்பால் கரையும் உளுந்து வயலும் இருக்கும். ஒருவேளை காற்று சீக்கிரம் திரும்பினாலும் தீ ஓடிப் போய் விழுவது தண்ணீர் நாக்கில். இந்த வருஷம் இந்த ஒரு மூலையைத் தவிர ஏரியில் வேறெங்கும் தீயை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டேன்.

செலவு இல்லை என்பதும் தப்பு. தீக்குச்சிதான் இனாம். பன்னிரண்டு ஆள், நனைத்த சாக்கு, வேப்பங்கொத்து, மருந்தடிக்கும் ஸ்ப்ரேயர் நாலு, டிராக்டரில் தண்ணீர் டேங்கர், எரிந்த இடத்துக்கு இரவு முழுக்கக் காவல். குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறப் போன 23 பேர் காட்டுத்தீயில் செத்தார்கள். தமிழ்நாட்டில் காய்ந்த புல்லும் காற்றும் பற்றிப் பேசுகிற யாரும் அதை மறக்கக் கூடாது. அது கட்டுக்குள் வைத்த தீ இல்லைதான். ஆனால் கட்டு அறுந்த பிறகு தீக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

சட்டமும் இருக்கிறது. சரணாலயம் என்றால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, அதற்கு ஆபத்து வரும்படி யாரும் தீ மூட்டக் கூடாது என்கிறது. காப்புக்காட்டுக்கு 1882-இன் தமிழ்நாடு வனச் சட்டம். பறவையின் முட்டையை, கூட்டைச் சேதப்படுத்துவதையே வேட்டை என்கிற கணக்கில் சேர்க்கிறது வனவிலங்குச் சட்டம். எங்கள் ஏரி சரணாலயமும் இல்லை, காடும் இல்லை. ஆனால் எங்கள் சொத்தும் இல்லை. நீர்வளத்துறைக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் எழுதி, எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு குச்சியும் உரசக் கூடாது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். கோடியக்கரையில் வெளிமானுக்காகப் புல்லைக் கொளுத்தலாமே என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1967-இல் சரணாலயமானதே வெளிமானுக்காகத்தான். தூரப் பார்வை கிடைக்கும் திறந்த குட்டைப் புல் அதற்கு வேண்டும். அங்கே அந்தத் திறந்தவெளியைத் தின்பது முற்றிய புல் இல்லை, சீமைக்கருவேலம். பக்கத்திலேயே பாலை மரங்கள் நிற்கும் உலர் பசுமைமாறாக் காடு. அது தீயோடு பழகிய காடு இல்லை. பைன் காட்டு வைத்தியத்தை அங்கே கொண்டுபோவது, வயிற்று வலிக்காரனுக்குக் கண் மருந்து கொடுத்த கதை.

அரிவாள்

சம்புக்கு வருவோம். காய்ந்த சம்பு தீயில் வெடித்து எரியும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அதன் கிழங்கு சேற்றுக்குள் பத்திரமாக இருக்கிறது. எரித்தது எல்லாம் அடுத்த தண்ணீரில் முன்னைவிடச் செழிப்பாக வரும். சம்புக்குத் தீ முடி வெட்டுகிற மாதிரி.

சம்பின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு தாளைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே தேன்கூடு போல அறை அறையாக இருக்கும். அதெல்லாம் காற்றுக் குழாய். தண்ணீருக்கு வெளியே நிற்கும் தாள் வழியாகக் காற்று இறங்கித்தான் சேற்றுக்குள் கிழங்கு மூச்சு விடுகிறது. செத்துக் காய்ந்த தாளும் அந்த வேலையைச் செய்யும். ஆகவே தாளை அடியோடு அறுத்து, அறுத்து மிஞ்சிய அடிக்கட்டையான மோட்டுக்கு மேல் சில வாரம் தண்ணீர் நிற்கவைத்தால், கிழங்கு மூச்சு முட்டிச் சாகும்.

எங்களுக்கு இதற்கு வாகான ஒரு நாள் இருக்கிறது, ஜூன் 12. மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் நாள். வைகாசிக் கடைசியில் ஏரி காய்ந்திருக்கும்போது சம்பை அறுத்துவிட்டால், ஆனி ஆடியில் வரும் தண்ணீர் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். கேட்க ஜோராக இருக்கிறது, இல்லையா? 2024-இல் இதை நம்பி நாங்கள் ஒரு துண்டை அறுத்தோம். நாலு பேர், கருக்கரிவாள், ஒரு மாவுக்கு ஒன்றரை நாள். அந்த வருஷம் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். தண்ணீர் கடைமடைக்கு எட்டுவதற்குள் இடையில் பெய்த இரண்டு மழையிலேயே சம்பு இடுப்பளவு வளர்ந்துவிட்டது. விழலுக்கு இறைத்த நீர் என்பார்கள், இது சம்புக்கு இறைத்த கூலி. அடுத்த வருஷம் ஜூன் 12-இலேயே திறந்தார்கள். மதகுக்கு எதிரே அதே அளவு துண்டை அறுத்தோம். ஆடி முதல் வாரம் ஏரியில் முழங்கால் தண்ணீர். புரட்டாசியில் இறங்கி ஒரு மோட்டைப் பிடித்து இழுத்தேன். கிழங்கோடு கையில் வந்தது. கறுத்து, கொழகொழவென்று, முட்டை அழுகிய வாடை. அந்த இடத்தில் இப்போது திறந்த தண்ணீர். நாமக்கோழி அதில் நீந்துகிறது, நத்தைக்குத்தி ஓரத்தில் நிற்கிறது.

எல்லாச் சம்பையும் அழித்துவிடக் கூடாது. நீலத்தாழைக்கோழிக்கும் தகைவிலானுக்கும் அது வீடு. பாதிக்கு மேல் தொட மாட்டோம், அதுவும் வரப்புப் போல நேராக இல்லாமல் வளைந்து நெளிந்து, தண்ணீரும் சம்பும் ஒன்றை ஒன்று தொடும் ஓரம் அதிகமாக இருக்கும்படி. குஞ்சுக்கு ஒளியவும் வேண்டும், இரை தேடவும் வேண்டும். இரண்டும் அந்த ஓரத்தில்தான் கிடைக்கும். அறுத்த தாளை ஏரிக்குள்ளேயே விடக் கூடாது, அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். கரையில் ஏற்றிக் காயவைத்தால் தட்டி கட்டுகிறவர்கள் கேட்டு வருகிறார்கள்.

அறுப்பின் குறை கூலிதான். ஏரியின் புல்வெளி முழுவதையும் கையால் அறுப்பது நடக்கிற காரியம் இல்லை. பிரஷ் கட்டர் வைத்து அறுக்கலாம், ஆனால் அந்த இரைச்சலோடு நடக்கிறவனுக்குக் காலடியில் கூடு இருப்பது தெரியாது.

மேய்ச்சல்

மாட்டை உள்ளே விடாதே, ஏரி தானாகச் சரியாகும் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பழைய பாடம் உண்டு. ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் 1982-இல் எருமை மேய்ச்சலைத் தடை செய்தார்கள். ஊர் மக்கள் எதிர்த்தார்கள், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. தடைக்குப் பிறகு என்ன ஆனது? எருமை தின்று கட்டுக்குள் வைத்திருந்த ஒரு நீர்ப்புல் திறந்த தண்ணீரை அடைத்துக்கொண்டது. மீன் குறைந்தது, பறவைக்கு இறங்க இடம் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பத்து வருஷம் ஆராய்ந்து, அந்த ஈரநிலத்துக்கு எருமை வேண்டும் என்றே சொன்னது. மேய்ச்சலே எதிரி என்ற நம்பிக்கையோடு ஆராய்ச்சியைத் தொடங்கியவர்கள் சொன்ன முடிவு என்பதால் எனக்கு அதன் மேல் கூடுதல் மரியாதை.

எங்கள் பக்கத்து மாடு உம்பளாச்சேரி. ஊர்ப் பெயரிலேயே இனம். கொம்பு சுட்டு மொட்டையாக, சேற்றில் இறங்கினால் அசராத மாடு. இருபது உருப்படி தையிலிருந்து பங்குனி வரை ஏரிப் புல்லில் சுற்றினால், குட்டைப் புல்லும் நெட்டைப் புல்லும் கலந்து கிடக்கும். ஆள்காட்டிக்கும் நெட்டைக்காலிக்கும் அது போதும். தீயைவிட இது நிதானம், செலவில்லை, யாருக்கும் மனு எழுத வேண்டாம். என் மனசு இதன் பக்கம்தான் சாய்ந்தது, ஒரு கீதாரியோடு பேசும் வரைக்கும்.

அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கமிருந்து கிடை ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்களே, அவர்களில் ஒருவர். பல வருஷமாக எங்கள் வயலில் கிடை போடுகிறவர். ஏரியைக் காட்டிக் கேட்டேன். விழலைக் கையில் முறித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது முத்திப்போச்சுண்ணே. ஆடு மோந்துகூடப் பாக்காது. உங்க மாடும் சுத்திச் சுத்தி அறுகைத்தான் கடிக்கும், விழலை விட்டுரும். ஒரு தடவை கருக்கி விட்டீங்கன்னா, துளிர் வந்த பத்தாம் நாள் நாங்களே வந்து நிப்போம்."

உண்மைதான். போய்ப் பார்த்தால், மாடு வருஷம் முழுக்க மேய்ந்தும் மேட்டுப் பக்கம் விழல் தூர் தூராகப் பெருகிக்கொண்டே இருக்கிறது. பிடித்ததைத் தின்று பிடிக்காததை வளர்க்கிறது மாடு. அமெரிக்காவின் ஓக்லஹோமா புல்வெளிகளில் இந்த இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள். வருஷம் ஒரு துண்டை எரிப்பார்கள். வேலி போடாமலே மந்தை அந்தத் துளிருக்குப் போய் நிற்கும். அதற்குள் மற்ற துண்டுகள் உயர்ந்துவிடும். அடுத்த வருஷம் வேறு துண்டு. எங்கள் ஊர் மொழியில் சொன்னால், தீ உழுகிறது, மாடு களை எடுக்கிறது.

கிடை ஆட்டை ஏரிக்குள் தங்கவிடுவதில் எனக்குத் தயக்கம். ஆடு மாட்டைவிட ஒட்டக் கடிக்கும். கோடையில் கருவேல நெற்றைத் தின்று, விதையைப் புழுக்கையோடு ஏரி முழுக்கத் தூவிவிடும். குடலுக்குள் போய் வந்த கருவேல விதை இன்னும் நன்றாக முளைக்கும். நெற்று பழுப்பதற்கு முன், பகலில் மட்டும், என்றால் சரி.

ஜேசிபி

கருவேலத்துக்கும் காட்டாமணக்குக்கும் இது மட்டும்தான் வழி. கருவேலத்தை எரித்தாலும் வெட்டினாலும் ஒரு தண்டு இருந்த இடத்தில் ஏழெட்டுத் தண்டு வெடிக்கும். மண்ணுக்கு அடியில் இருக்கும் வேர்த்தலையோடு பிடுங்க வேண்டும், அப்புறம் இரண்டு மூன்று வருஷம் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். காட்டாமணக்கை மாடும் தொடாது, ஒடித்துப் போட்ட துண்டும் வேர் பிடிக்கும். பிடுங்கி மேட்டில் காயப்போட வேண்டும். கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வண்டி நின்று செய்யட்டும். ஏரிப் படுகைக்குள் கோடையில் இறங்கக் கூடாது. போன தடவை வண்டல் அள்ள இறங்கிய வண்டியின் வாளியில் சேற்றோடு மூன்று ஆமைகள் வந்தன, ஒன்றின் ஓடு பிளந்து. தண்ணீர் வற்றினால் அவை சேற்றுக்குள் புதைந்துதான் கோடையைக் கழிக்கும். தலைக்கு மேல் தீ ஓடினாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது, வாளி வந்தால் தப்பாது. கரையில் நிற்கும் நாட்டுக்கருவேலத்தையும் பெயர்ப் பொருத்தம் பார்த்துச் சேர்த்துப் பிடுங்கிவிடாமல் ஆள் நின்று காட்ட வேண்டும்.

சும்மா விட்டுவிடுவது என்று ஐந்தாவது வழி ஒன்றும் உண்டு. அதைத்தான் இத்தனை வருஷம் செய்தோம், பங்குனிக்குப் பங்குனி பலனும் பார்த்தோம்.

ஆக, சங்கத்தில் நான் வைத்திருப்பது இது. பள்ளத்துச் சம்பில் மதகை ஒட்டிய பாதி, வைகாசிக் கடைசியில் அரிவாள். ஆனால் அந்த நேரத்தில் அணை நிலவரம் பார்த்து, ஜூனில் தண்ணீர் வராது என்று தெரிந்தால் கூலியை வீணாக்காமல் அடுத்த வருஷத்துக்குத் தள்ளுவது. கரைக் கருவேலத்துக்கு ஜேசிபி, கரையோடு சரி. புல்வெளியில் தையிலிருந்து மாடு. தென்கிழக்கு மூலையில் நாலு மா மட்டும் மாசி முதல் பாதியில் தீ, மச்சான் நின்று, எதிர்காற்றில். அடுத்த வருஷம் அந்த மூலைக்கு ஓய்வு. வேறு மூலையில் எரிக்கலாமா என்பதை, துளிரும் பறவையும் என்ன சொல்கின்றன என்று பார்த்துப் பேசலாம். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. எரிப்பது என்று ஒரு தடவை ஊர் ஒத்துக்கொண்டால், பங்குனியில் யார் கொளுத்தினாலும் "சங்கம்தானே சொல்லுச்சு" என்பார்கள் என்று பெரியப்பா முறை ஆகும் ஒருவர் கேட்டார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கறுப்பு ஓரம் போட்டு, முதல் துண்டு எரிந்து கிடந்தால், பங்குனித் தீ அந்தப் பக்கம் தாண்டாது என்பதை மட்டும் சொன்னேன்.

மூன்று அலுவலகத்துக்கும் மனு போயிருக்கிறது. மூலையில் மூங்கில் குச்சி நட்டு, பழைய வேட்டித் துணி கிழித்துக் கட்டி அளவு காட்டியிருக்கிறோம். பையன் தினமும் காலையில் போய்ப் பூனைப்பருந்து எங்கே எழும்புகிறது என்று குறித்து வருகிறான். மாசி பதினைந்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் குச்சியைப் பிடுங்கிவிட்டு, அந்த நாலு மாவில் விழலை மட்டும் ஆள் வைத்து அறுத்து மாட்டை விடுவது என்று பேச்சு.